எட்கர் கோட்

எட்கர் பிராங்க் கோட் (ஆகஸ்ட் 19, 1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஆவார். வங்கி, தொடர்வண்டி முன்பதிவு, மருத்துவமனை, நூலகம் எனப் பல துறைகளிலும் பயன்படும் உறவுசார் தரவுத்தளங்களுக்கு அடிப்படையான உறவுசார் மாதிரியை உருவாக்கியவர் இவரே. இப்பணிக்காக 1981 ஆம் ஆண்டு கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் டூரிங் விருதைப் பெற்றார்.

அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் எத்தகைய மதிப்புகளை ஏற்கலாம் என்பதை அதன் பொருளைக் கொண்டு வரையறுக்க வேண்டும் என்பது இம்மாதிரியின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். மாதிரியின் பிற பகுதிகள் உலகெங்கும் பரவியபோதிலும் இப்பகுதி மட்டும் அரைகுறையாகவே செயல்படுத்தப்பட்டது. இக்குறையைச் சுட்டிக்காட்டி இவர் தம் பிற்காலத்தில் தொடர்ந்து எழுதி வந்தார்.

இளமையும் கல்வியும்

கோட், இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் போர்ட்லாந்து தீவிலுள்ள பார்ச்சூன்ஸ்வெல் என்னும் ஊரில் பிறந்தார். ஏழு குழந்தைகளுள் இவரே கடைசிக் குழந்தை. தந்தை தோல் உற்பத்தித் தொழில் செய்தவர். தாய் பள்ளி ஆசிரியை. பூல் கிராமர் பள்ளியில் பயின்ற கோட், பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்ஸெட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரச வான்படையின் கடலோரப் பிரிவில் விமானியாகப் பணியாற்றினார். போருக்குப் பின் படிப்பை நிறைவு செய்து 1948 இல் நியூயார்க் நகருக்குச் சென்றார்.

ஐபிஎம் நிறுவனத்தில்

1949 இல் கோட் ஐபிஎம் நிறுவனத்தில் கணித நிரலாளராகச் சேர்ந்தார். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி நடத்திய பொதுவுடைமை எதிர்ப்பு நடவடிக்கைகளால் வெறுப்புற்று 1953 இல் அமெரிக்காவை விட்டு நீங்கி, கனடாவின் ஒட்டாவா நகரில் குடியேறினார். 1957 இல் மீண்டும் ஐபிஎம் நிறுவனத்துக்குத் திரும்பினார். அங்கு ஸ்ட்ரெட்ச் என்னும் கணினியில் ஒரே காலத்தில் பல நிரல்களை இயக்கும் முறையை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டு 1965 இல் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத்தானே படியெடுக்கும் கலத் தானியங்கிகள் பற்றியது இவரது ஆய்வேடு. ஜான் வான் நியூமன் 29 நிலைகளைக் கொண்டு அமைத்துக் காட்டிய அத்தகைய அமைப்பை 8 நிலைகளைக் கொண்டே அமைக்கலாம் என இவர் நிறுவினார். இவ்வாய்வு 1968 இல் நூலாக வெளிவந்தது. இதன்பின் கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஓசே நகரிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்துக்கு மாறினார்.

உறவுசார் மாதிரி

1960களில் பயன்பட்ட தரவுத்தளங்கள் தரவைக் கிளைபிரியும் மர வடிவிலோ, சுட்டிகளால் பிணைக்கப்பட்ட வலை வடிவிலோ சேமித்தன. அப்போலோ விண்வெளித் திட்டத்துக்கான உதிரிப்பாகப் பட்டியலைக் கையாளும் பொருட்டுத் தொடங்கப்பட்ட ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் முதல் வகையைச் சேர்ந்தது. இத்தகைய அமைப்புகளில் ஒரு விவரத்தைப் பெற வேண்டுமாயின், அது வட்டில் எவ்வழியே பிணைக்கப்பட்டுள்ளது என்பதை நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். சேமிக்கும் முறை மாறினால், இயங்கிக்கொண்டிருந்த நிரல்களையும் மாற்றி எழுத நேர்ந்தது.

இதற்குத் தீர்வாகக் கணக் கோட்பாட்டின் உறவு என்னும் கருத்தைக் கோட் கையாண்டார். 1969 இல் ஐபிஎம் உள் அறிக்கையாகவும், 1970 சூன் மாதத்தில் ஏசிஎம் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரையாகவும் இம்மாதிரியை வெளியிட்டார். இதன்படி தரவு முழுவதும் அட்டவணைகளாகவே பயனருக்குத் தோன்றும். கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு செய்தியைக் கூறும். ஓர் அட்டவணையை மற்றொன்றுடன் இணைப்பது சுட்டிகள் அல்ல, நெடுவரிசைகளில் உள்ள மதிப்புகளே ஆகும். தேவையானது எது என்று மட்டும் பயனர் கூறினால் போதும். அதனைத் தேடும் வழியைக் கணினியே தெரிவு செய்துகொள்ளும்.

ஆட்களம்

மதிப்புகளைக் கொண்டே அட்டவணைகள் இணைக்கப்படுவதால், எந்த மதிப்பை எதனுடன் ஒப்பிடலாம் என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடையாகவே 1970 கட்டுரையில் ஆட்களம் என்னும் கருத்து இடம்பெற்றது. ஒரு நெடுவரிசை எந்தக் கணத்திலிருந்து தன் மதிப்புகளைப் பெறுகிறதோ அக்கணமே அந்நெடுவரிசையின் ஆட்களம் எனப்படும்.

அக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வழங்குநர், உதிரிப்பாகம், திட்டம், அளவு ஆகிய நான்கு நெடுவரிசைகளைக் கொண்ட அட்டவணை ஆகும். மற்றோர் எடுத்துக்காட்டில், எந்த உதிரிப்பாகம் வேறு எந்த உதிரிப்பாகத்தின் உறுப்பாக அமைகிறது என்பது குறிக்கப்படுகிறது. இங்கு இரண்டு நெடுவரிசைகள் உதிரிப்பாகம் என்னும் ஒரே ஆட்களத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே நெடுவரிசை வேறு, ஆட்களம் வேறு என்பது தெளிவாகிறது. ஒரே ஆட்களத்திலிருந்து வரும் நெடுவரிசைகளை அவை வகிக்கும் பங்கைச் சுட்டும் பெயர்களால் வேறுபடுத்த வேண்டும் என இவர் குறிப்பிட்டார்.

இயல்பாக்கம்

ஓர் ஊழியரின் பணி வரலாறு அல்லது அவருடைய குழந்தைகளின் பட்டியல் போன்ற ஒரு முழு அட்டவணையையே ஒரு கட்டத்துக்குள் மதிப்பாக வைக்கும் வழக்கத்தையும் கோட் ஆராய்ந்தார். அத்தகைய நெடுவரிசையை நீக்கி, அதிலுள்ள தரவை ஊழியரின் அடையாள எண்ணுடன் தனி அட்டவணையாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டுமே இருத்தல் வேண்டும் என்னும் இவ்விதி பின்னாளில் முதல் இயல்பு வடிவம் என அழைக்கப்பட்டது.

1971 இல் இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களையும் இவர் வரையறுத்தார். ஒரே செய்தி பல கிடைவரிசைகளில் எழுதப்பட்டு, ஓரிடத்தில் மட்டும் திருத்தப்பட்டு முரண்படுவதைத் தவிர்ப்பதே இவற்றின் நோக்கம். ரேமண்ட் பாய்ஸ் என்பாருடன் தொடர்புடைய மற்றொரு வடிவம் பாய்ஸ்–கோட் இயல்பு வடிவம் என இருவர் பெயராலும் வழங்குகிறது.

எதிர்ப்பும் ஏற்பும்

ஐஎம்எஸ் மூலம் வருவாய் ஈட்டி வந்த ஐபிஎம் நிறுவனம் இக்கருத்தை உடனடியாக வரவேற்கவில்லை. வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. வலை வடிவ மாதிரியின் முன்னோடியும் 1973 ஆம் ஆண்டு டூரிங் விருது பெற்றவருமான சார்லஸ் பாக்மன், கோட் ஆகிய இருவரும் 1974 இல் மிச்சிகனில் நடந்த ஒரு மாநாட்டில் நேருக்கு நேர் விவாதித்தனர். உறவுசார் மாதிரி கணித அழகு உடையதாயினும் நடைமுறையில் வேகமாக இயங்காது என்பதே எதிர்த்தரப்பின் முதன்மையான ஐயம்.

இவ்வையத்தைப் போக்கியவை இரண்டு ஆய்வுத் திட்டங்கள் ஆகும். ஒன்று ஐபிஎம் ஆய்வகத்தில் உருவான சிஸ்டம் ஆர். மற்றொன்று பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோர் உருவாக்கிய இன்கிரெஸ். சிஸ்டம் ஆர் திட்டத்துக்கென டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் வடிவமைத்த வினவல் மொழியே எஸ்கியூஎல் ஆயிற்று. கோட் 1971 இல் முன்மொழிந்த ஆல்ஃபா என்னும் மொழி கைக்கொள்ளப்படவில்லை. 1979 இல் ஆரக்கிள் சந்தைக்கு வந்தது. ஐபிஎம் தன் முதல் எஸ்கியூஎல் தயாரிப்பை 1981 இலும், டிபி2 தயாரிப்பை 1983 இலும் வெளியிட்டது.

தரவு வகை பற்றிய வாதம்

எஸ்கியூஎல் பரவியபோது ஆட்களம் என்னும் கருத்து அதனுடன் சேர்ந்து பரவவில்லை. 1986 ஆம் ஆண்டின் முதல் எஸ்கியூஎல் தரநிலை, நெடுவரிசைகளுக்கு எழுத்துச் சரம், முழு எண், பதின்ம எண், மிதவைப்புள்ளி எண் போன்ற வகைகளையே அளித்தது. தேதிக்கென ஒரு வகைகூட அதில் இல்லை.

இவை கணினி ஒரு மதிப்பைச் சேமிக்கும் வடிவத்தைக் கூறுவனவே அன்றி, அம்மதிப்பு எதனைக் குறிக்கிறது என்பதைக் கூறுவன அல்ல என்பது கோட் முன்வைத்த வாதம் ஆகும். உதிரிப்பாகத்தின் வரிசை எண்ணும் முழு எண்ணாக இருக்கலாம். கையிருப்பின் அளவும் முழு எண்ணாக இருக்கலாம். இவ்விரு நெடுவரிசைகளையும் சமமா என்று ஒப்பிட்டு அட்டவணைகளை இணைக்குமாறு ஒருவர் தவறுதலாகக் கட்டளையிட்டால், தரவுத்தளம் மறுக்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். அவ்விடைக்குப் பொருளே இராது. பிழைச் செய்தி எதுவும் தோன்றாததால் பயனரும் அதனை உண்மையென நம்பக்கூடும்.

1990 இல் வெளியான தமது நூலில் உறவுசார் மாதிரியின் இரண்டாம் பதிப்பை 333 கூறுகளாக வகுத்த கோட், ஆட்களங்களை விரிவாக்கப்பட்ட தரவு வகைகள் என்று அழைத்து, அடிப்படைத் தரவு வகைகளிலிருந்து வேறுபடுத்தினார். ஒவ்வோர் ஆட்களமும் தரவுத்தளத்தின் விவரப் பட்டியலில் ஒருமுறை அறிவிக்கப்பட வேண்டும். நெடுவரிசைகள் அதனைப் பெயரால் சுட்ட வேண்டும். வேறுபட்ட ஆட்களங்களைச் சேர்ந்த மதிப்புகளை ஒப்பிடத் தரவுத்தளம் மறுக்க வேண்டும் என்றார். உண்மையிலேயே தேவைப்படும் அரிய வேளைகளில், தனி அனுமதி பெற்றவர் மட்டும் இத்தடையை மீறும் வழியையும் வகுத்தார். தேதி, நேரம், பதின்ம முறையிலான பணத்தொகை ஆகியவை தரவுத்தளத்திலேயே அமைந்த வகைகளாக இருக்க வேண்டும் என்பதும் இவரது நிலைப்பாடு.

நெடுவரிசைக்கு வகை தெரிவு செய்வதில் நேரும் பொதுவான பிழைகள் பலவும் இந்த வேறுபாட்டைக் கவனியாமையால் விளைவன ஆகும். தொலைபேசி எண் இலக்கங்களால் ஆனதாயினும், அதனைக் கூட்டவோ பெருக்கவோ எவரும் முனைவதில்லை. எண் வகையில் சேமித்தால் அதன் தொடக்கத்திலுள்ள சுழியம் மறைந்துவிடும். பணத்தொகையை இரும மிதவைப்புள்ளி எண்ணாகச் சேமித்தால், 0.1 போன்ற மதிப்புகளை இரும முறையில் துல்லியமாக எழுத இயலாமையால், பல தொகைகளைக் கூட்டும்போது கணக்கு பிசகக்கூடும். தேதியை நாள், மாதம், ஆண்டு என்னும் முறையில் எழுத்துச் சரமாகச் சேமித்தால், 10-02-1985 என்பது 11-01-1985 என்பதற்கு முன்னதாக வரிசைப்படும். பிப்ரவரி 30 என்னும் இல்லாத நாளும் தடையின்றி ஏற்கப்படும்.

1992 ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை தேதி, நேரம் ஆகிய வகைகளைச் சேர்த்ததுடன், ஆட்களத்தை அறிவிக்கும் கட்டளையையும் அறிமுகப்படுத்தியது. போஸ்ட்கிரெஸ் போன்றவை இக்கட்டளையை ஏற்றுள்ளன. எனினும் அது ஓர் அடிப்படை வகைக்கும் சில கட்டுப்பாடுகளுக்கும் இடப்பட்ட பெயராகவே அமைந்தது. வேறுபட்ட ஆட்களங்களை ஒப்பிடுவதை அது தடுப்பதில்லை. 1999 ஆம் ஆண்டின் தரநிலையில் சேர்க்கப்பட்ட தனித்த பயனர் வகைகள், கோட் வேண்டியதற்கு அதனைவிடச் சற்று நெருக்கமானவை.

இன்மைக் குறி

ஒரு கட்டத்தில் இட வேண்டிய மதிப்பு தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதும் இதனுடன் தொடர்புடைய சிக்கல் ஆகும். வயது தெரியாத இடத்தில் சுழியத்தையோ 99 என்பதையோ இடும் வழக்கம் பரவலாக இருந்தது. சராசரி காணும்போது இவ்வெண்களும் உண்மை வயதுகளுடன் கலந்துவிடும். இதற்கு மாற்றாக, எவ்வகை நெடுவரிசையிலும் ஒரே முறையில் இயங்கும் நல் என்னும் இன்மைக் குறியைக் கோட் ஆதரித்தார். அக்குறியுடன் செய்யும் ஒப்பீடு உண்மை, பொய் ஆகிய இரண்டும் அல்லாத மூன்றாவது விடையைத் தரும் என 1979 ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். மதிப்பு உண்டு, ஆனால் தெரியவில்லை என்னும் நிலையையும், அம்மதிப்பு அங்குப் பொருந்தவே பொருந்தாது என்னும் நிலையையும் வெவ்வேறு குறிகளால் காட்ட வேண்டும் எனப் பின்னர் 1986 இல் முன்மொழிந்தார். எஸ்கியூஎல் ஒரே குறியையே ஏற்றது.

வெற்றுச் சரமும் இன்மைக் குறியும் வெவ்வேறானவை என்பது கோட் வகுத்த விதிகளுள் அடங்கும். ஆனால் ஆரக்கிள் தரவுத்தளத்தில் நீளம் மாறும் எழுத்துச் சர நெடுவரிசையில் இடப்படும் வெற்றுச் சரம் இன்மைக் குறியாகவே கொள்ளப்படுகிறது.

இன்மைக் குறி அறிஞரிடையே கருத்து வேறுபாட்டையும் தோற்றுவித்தது. கோட் அவர்களின் நெருங்கிய கூட்டாளியும் உறவுசார் மாதிரியை நூல்கள் வழியே பரப்பியவருமான கிறிஸ் டேட் இதனை எதிர்த்தார். ஹியூ டார்வென் என்பாருடன் இணைந்து 1995 இல் டேட் வெளியிட்ட அறிக்கை இன்மைக் குறியை நிராகரித்தது. எனினும் ஆட்களம் என்பதும் தரவு வகை என்பதும் ஒன்றே என்று கொண்டு, அக்கருத்தை மாதிரியின் மையத்தில் வைத்தது.

பிற்காலம்

கோட் 1984 இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து விலகி, கிறிஸ் டேட் உள்ளிட்டோருடன் ஆலோசனைப் பணியில் ஈடுபட்டார். பழைய தயாரிப்புகளும் உறவுசார் என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ளத் தொடங்கியதால், அப்பெயருக்கு உரியவை எவை என வரையறுக்கும் விதிகளை 1985 இல் கம்ப்யூட்டர்வேர்ல்டு இதழில் வெளியிட்டார். இவை கோட் அவர்களின் 12 விதிகள் எனப்பட்டாலும், சுழியம் முதல் எண்ணிடப்பட்டுள்ளதால் மொத்தம் 13 ஆகும். அன்றைய தயாரிப்புகளுள் எதுவும் இவ்விதிகளை முழுமையாக நிறைவு செய்யவில்லை.

1993 இல் இவர் இணைந்து எழுதிய அறிக்கையால், தொகுப்பாய்வுக்குரிய தரவுத்தளங்களைக் குறிக்கும் ஓஎல்ஏபி என்னும் சொல் பரவலாயிற்று. அத்தகைய மென்பொருளை விற்ற ஒரு நிறுவனத்தின் ஆதரவில் அவ்வறிக்கை எழுதப்பட்டமை விமர்சனத்துக்கு உள்ளானது.

கோட் 2003 ஏப்ரல் 18 அன்று புளோரிடா மாநிலத்தின் வில்லியம்ஸ் தீவிலுள்ள தம் இல்லத்தில் இதயச் செயலிழப்பால் தமது 79 ஆம் அகவையில் காலமானார்.

விருதுகளும் சிறப்புகளும்

1976 இல் ஐபிஎம் நிறுவனத்தின் உயரிய ஆய்வாளர் தகுதியான ஐபிஎம் ஃபெலோ இவருக்கு வழங்கப்பட்டது. 1981 இல் டூரிங் விருதும், 1994 இல் ஏசிஎம் சங்கத்தின் ஃபெலோ தகுதியும் பெற்றார். தரவுத்தள ஆய்வில் புதுமை படைப்போருக்கு அச்சங்கத்தின் தரவு மேலாண்மைப் பிரிவு ஆண்டுதோறும் வழங்கும் விருது, 2004 முதல் எட்கர் கோட் பெயரால் வழங்கப்படுகிறது.