நாற்கவிப் பெருமாள்

ஸ்ரீ:

திருவீதிப் புறப்பாட்டில் அருளிச்செயல் கோஷ்டியோடு செல்லும் அடியார்கள் ‘திருவெழுகூற்றிருக்கை’, ‘திருமடல்’ என்னும் பெயர்களைச் செவியுற்றிருப்பர். இவை இலக்கண நூலார் வகுத்த செய்யுட் பெயர்கள். இவற்றின் பொருள் அறிந்தாலன்றித் திருமங்கையாழ்வாரின் திருவுள்ளம் முழுதும் விளங்காது.

8-ஆம் நூற்றாண்டில், சோழநாட்டுத் திருக்குறையலூரில், கார்த்திகையில் கார்த்திகை நன்னாளில் அவதரித்த இவரின் இயற்பெயர் நீலன். குருபரம்பரை கூறும் சரித்திரம் இது. சோழ மன்னனின் படைத்தலைவராய் ஆலிநாட்டை ஆண்டு வந்தார். குமுதவல்லி நாச்சியாரை மணக்க விழைந்தபோது, அவ்வம்மையார் இரு நியமங்களை விதித்தார். பஞ்சஸம்ஸ்காரம் பெறுதல் ஒன்று. ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்வித்தல் மற்றொன்று. திருநறையூர் நம்பியிடமே பஞ்சஸம்ஸ்காரம் பெற்றார். ததீயாராதனத்தில் அரசிறைப் பொருளும் கைப்பொருளும் கரைந்தன. பின்னர் வழிப்பறியிலும் இறங்கினார். மணக்கோலத்தில் எழுந்தருளிய எம்பெருமானையே வழிமறித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பெருநிதி திருவஷ்டாக்ஷரம்.

அன்றுமுதல் அவர் திருவாக்கில் ஆறு பிரபந்தங்கள் பெருகின. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்பன நாற்கவி. கேட்டவுடன் பாடுவது ஆசு. சொல்லினிமையும் பொருளினிமையும் அணியும் விளங்குவது மதுரம். எழுத்தும் எண்ணும் ஓர் உருவில் அமையப் பாடுவது சித்திரம். விரித்துப் பாடுவது வித்தாரம். நான்கிலும் வல்லவராதலின் ‘நாற்கவிப் பெருமாள்’ என்னும் விருது பெற்றார்.

எழுகூற்றிருக்கை சித்திரகவி. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என எண்கள் படிப்படியாக ஏழுவரை ஏறி இறங்கும். கட்டங்களில் அடுக்கி வரைந்தால் தேரின் உருவம் தோன்றும். திருக்குடந்தை ஆராவமுதனுக்குச் சாற்றிய இத்தேரில் வெறும் எண்களுக்கு இடமில்லை. மூன்று என்பது இலங்கையின் மதில்கள். ஏழு என்பது நப்பின்னைக்காகக் கண்ணன் அடக்கிய காளைகள். எம்பெருமானின் சேஷ்டிதங்களை எண்ணி முடித்து, அவன் திருவடியில் சரணம் புகுவதே பாட்டின் முடிவு.

மடல் என்பது அகத்துறை. காதல் கைகூடாத தலைவன், பனைமடலால் செய்த குதிரைமீது ஏறி, ஊரார் காணத் தெருவில் வருவது. பெண்டிர் மடலேறுதலைத் தொல்காப்பியம் விலக்கியது. ஆழ்வாரோ பரகால நாயகியாய் நின்று, மடலூர்வேன் என்று துணிகிறார். தமிழ் மரபு தடுக்கவே, வடநூல் வழியைக் காட்டி, இராமபிரான் பின்னே கானகம் சென்ற பிராட்டியையும், அநிருத்தனை விழைந்த உஷையையும் சான்றாக்குகிறார்.

மரபறியாதவர் இதனை உலகியற் காதல் என்று எண்ணக்கூடும். மரபறிந்தவரோ, தலைவி நாணம் துறந்ததை அறிந்து வியப்பர். அன்று வேல் ஏந்தி எம்பெருமானை வழிமறித்தவரே, இங்கு மடல் ஏந்தி மறிக்கிறார். பெரிய திருமடலில் நாயகி உள்ளம் இழந்ததும் அதே திருநறையூர் நம்பியிடம்! கொடுத்தாலன்றி விடேன் என்னும் உறுதி மாறவில்லை. வேண்டும் பொருள்தான் மாறியது.

திருத்தேர் வடம் பிடிக்கும் அன்பர்கள் ஆழ்வார் சொல்லால் சமைத்த தேரையும் நினைவார்களாக.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.