கறுப்புத் தட்டில் ஒரு கணீர்க் குரல்!



எங்கள் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? நடராசப் பெருமான் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடும் இரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து வந்து, அந்த ஆட்டத்தைக் கண்டு பாடிய ஊர் இது. அவர் இந்த ஊரைப் பற்றி இரண்டு பதிகங்கள் பாடினார். அவற்றுக்கு மூத்த திருப்பதிகம் என்று பெயர். தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னே பாடப்பட்டவை என்பதால்தான் மூத்த என்ற அடைமொழி. முதலில் வந்த பாட்டுக்கு நம் பெரியவர்கள் எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா!

இந்த அம்மையாரின் கதையை இயக்குநர் ஏ.பி. நாகராஜன் 1973-ஆம் ஆண்டில் திரைப்படமாக எடுத்தார். அதில் முதிய அம்மையாராக வந்து பாடி நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஔவைப் பாட்டி என்றாலே பலருக்கும் மனத்தில் தோன்றுவது அவருடைய முகம்தான். நெற்றி நிறையத் திருநீறு, கையிலே கோல், கணீர் என்ற குரல்!

அந்தப் பாட்டியும் ஒரு காலத்தில் உங்களைப் போல் சிறுமியாக இருந்தவர்தானே? பதினெட்டு, இருபது வயதில் அவர் குரல் எப்படி இருந்திருக்கும்? அப்போது தமிழில் பேசும் படம் கிடையாது. அந்த இளங்குரலைக் கேட்க நமக்கு இருப்பது ஒரே வழி, பழைய கிராமபோன் இசைத்தட்டு. இந்த வாரம் அந்தத் தட்டுகளின் கதையையும், அவற்றில் பாடியவரின் கதையையும் சொல்கிறேன்.

ரயிலில் பாடிய சிறுமி

ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கும் ஊர் கொடுமுடி. அங்கே 1908-ஆம் ஆண்டில் பிறந்தார் சுந்தராம்பாள். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். கே என்பது கொடுமுடி. பி என்பது பாலாம்பாள், அவருடைய தாயின் பெயர். பிறந்த ஊரையும் பெற்ற தாயையும் கடைசிவரை பெயரோடு சுமந்தவர் அவர்.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் பாலாம்பாள் மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு வறுமையில் வாடினார். சிறுமி சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு சேர்த்தார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் கூறுவார்கள். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் நாடகத்தில் பெரும் ஈடுபாடு உள்ளவர். அவர் அந்தக் குரலைக் கேட்டு வியந்து, வேலு நாயர் நடத்திய நாடகக் குழுவில் சேர வழி செய்தார் என்பார்கள்.

நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் குழந்தை வேடம் அவருக்குக் கிடைத்தது. பசி என்றால் என்ன என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை!

மைக் இல்லாத மேடை

அந்தக் காலத்து நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். அதனால் உயர்ந்த சுருதியில், அடிவயிற்றிலிருந்து பாடுவார்கள். சுந்தராம்பாளின் கணீர்க் குரல் அப்படித்தான் பழகியது. அவர் பெண் வேடம் மட்டும் அல்ல, ஆண் வேடமும் போட்டார். நாடகக் குழுவோடு கடல் கடந்து இலங்கைக்கும் போனார்.

அங்கே கொழும்பில் 1926-ஆம் ஆண்டு வாக்கில் அவரோடு நடிக்க வந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே நாடக மேடையில் புகழ் பெற்றவர். அவர் மேல் சுருதியில் பாடத் தொடங்கினால் கூட்டம் அப்படியே அசந்து போய்விடுமாம்.

இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்களில் ஒன்று சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம். நம் திருத்தணி மலையில் முருகனுக்கும் வள்ளிக்கும் திருமணம் நடந்தது என்று இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தக் கதையைத்தான் இவர்கள் விடிய விடியப் பாட்டாகப் பாடினார்கள். கிட்டப்பா பாட, சுந்தராம்பாள் பதில் பாட, ஒருவரை ஒருவர் விஞ்சுவார்கள். 1927-ஆம் ஆண்டில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அரக்கில் பதிந்த பாட்டு

இந்தச் சமயத்தில்தான் கிராமபோன் இவர்கள் கதைக்குள் வருகிறது. இந்தியாவில் முதன்முதலாக 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இசைத்தட்டுக்காகப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். அப்போது பாடியவர்களில் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான் என்ற பெண்மணி. அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டால், பாட்டு முடிந்ததும் தன் பெயரை அவரே ஆங்கிலத்தில் சொல்வது கேட்கும். ஏன் தெரியுமா? தட்டு தயாரிக்கும் தொழிற்சாலை ஜெர்மனியில் இருந்தது. பாடியவர் யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

பழைய இசைத்தட்டு கறுப்பாக, நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும். பிளேட்டு என்றும் சொல்வார்கள். அது எதனால் செய்தது தெரியுமா? அரக்கு! கடிதங்களுக்கு முத்திரை வைப்பார்களே, அதே அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் சின்னஞ்சிறு அரக்குப் பூச்சிகள் தரும் பொருள் அது. அதோடு கல்பொடி முதலியவற்றைக் கலந்து, சூடாக்கி, அழுத்தித் தட்டு செய்தார்கள். தட்டின் மேல் மயிரிழை போல ஒரு பள்ளம் சுற்றிச் சுற்றிப் போகும். அந்தப் பள்ளத்தின் நெளிவுகளில்தான் பாட்டு ஒளிந்திருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளில் ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வு ஒரு மெல்லிய தகட்டுக்குப் போய், ஒலியாக மாறுகிறது. குழாய் அதைப் பெரிதாக்கித் தருகிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. சாவி கொடுத்தால் போதும்.

ஒரு நிமிடத்துக்குத் தட்டு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று என்று கணக்குப் போடுங்கள். 234 சுற்று!

இரவு முழுவதும் பாடிப் பழகியவர்கள் மூன்று நிமிடத்துக்குள் பாட வேண்டும் என்றால் எவ்வளவு கடினம்! ஒரு நொடியைக்கூட வீணாக்க முடியாது. எடுத்த எடுப்பிலேயே உச்சியைத் தொட வேண்டும். நடுவில் தவறு வந்தால், தவறான இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. முழுப் பாட்டையும் முதலிலிருந்து பாட வேண்டும். இன்று ஒரு வரியை இன்று பாடி, அடுத்த வரியை நாளை பாடி, கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்துத் தட்டில் நீங்கள் கேட்பது, ஒருவர் ஒரே மூச்சில் உண்மையாகப் பாடி முடித்த மூன்று நிமிடம். பழைய தட்டுகளின் அழகு அதில்தான் இருக்கிறது. இடையிடையே கேட்கும் கரகர சத்தம்கூடக் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

1920-களின் பிற்பகுதியிலும் 1930-களிலும் சுந்தராம்பாளின் தட்டுகள் வெளிவந்தன. நாடகப் பாட்டுகள், பக்திப் பாட்டுகள், அவற்றோடு விடுதலைப் பாட்டுகளும்! மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் எழுதிய தேசியப் பாடல்களை அவர் பாடினார். நாடகக் குழு போக முடியாத ஊருக்கும் தட்டு போய்விடும். ஊரில் ஒரு வீட்டில் கிராமபோன் பெட்டி இருந்தால் போதும். தெருவே திண்ணையில் கூடிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விடுதலைப் போராட்டச் செய்தி பாட்டாகப் போய்ச் சேர்ந்தது.

இருபத்தேழு வயதில்...

இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பாவின் உடல்நிலை கெட்டது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றிலிருந்து அவர் வெள்ளைப் புடவைதான் உடுத்தினார். மற்ற ஆண் நடிகர்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்த அவரைத் தீரர் சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் மீண்டும் வெளியே வரச் செய்தார்கள். காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினால் கூட்டம் அலைமோதியது.

1935-ஆம் ஆண்டில் பக்த நந்தனார் என்ற படத்தில் அவரே நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அந்த நாளில் அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி எவ்வளவு உயரத்துக்கு வந்துவிட்டார்! 1951-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

1953-இல் ஔவையார், 1964-இல் பூம்புகார், 1965-இல் திருவிளையாடல் என்று அவர் நடித்த படங்களை உங்கள் தாத்தா பாட்டிகள் நன்றாக அறிவார்கள். 1969-இல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 1980-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இருவரில் ஒருவருக்குத் தட்டு மட்டும்தான்

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். சுந்தராம்பாளை நாம் படத்தில் பார்க்கலாம், கேட்கலாம். கிட்டப்பாவோ பேசும் படங்கள் பெருகுவதற்கு முன்பே போய்விட்டார். ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான மக்களை விடிய விடிய உட்கார வைத்த அந்தக் குரலில் இன்று எஞ்சியிருப்பது சில இசைத்தட்டுகள் மட்டுமே. தியாகராஜரின் கீர்த்தனை, வள்ளலாரின் பாட்டு, சில நாடகப் பாட்டுகள், அவ்வளவுதான். அந்தத் தட்டுகளும் இல்லாமல் போயிருந்தால், கிட்டப்பா நன்றாகப் பாடுவாராம் என்ற ஒரு வாக்கியம்தான் நமக்கு மிஞ்சியிருக்கும்.

அரக்குத் தட்டு கண்ணாடி மாதிரி. கை தவறி விழுந்தால் உடைந்துவிடும். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். அதனால்தான் பழைய முதல் தட்டுகளை இசைப்பிரியர்கள் புதையல் போலத் தேடுகிறார்கள். நம் நாட்டில் மட்டும் அல்ல, உலகம் முழுவதும் இப்படித்தான்.

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1958-ஆம் ஆண்டில் ஐந்து பையன்கள் காசு சேர்த்து, ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பாட்டுகள் பாடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தட்டு! ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டார்கள். கடைசியில் அது ஒரு பையனிடமே இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. அந்த ஐவரில் மூவர் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன். பின்னாளில் உலகையே ஆட்டிப் படைத்த பீட்டில்ஸ் என்ற ராக் இசைக்குழுவினர்! பால் மெக்கார்ட்னி 1981-ஆம் ஆண்டில் அந்தத் தட்டைத் தேடி விலை கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தினார். எத்தனையோ புகழ் பெற்ற பாட்டுகளைப் பாடியவர் அவர். ஆனாலும் பள்ளிப் பருவத்தில் பாடிய அந்த முதல் பாட்டு அவருக்கு வேண்டியிருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனால், பரணில் கறுப்புத் தட்டு எதுவும் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் நீங்களாகவே இழுத்துவிடாதீர்கள். பெரியவர்களை எடுக்கச் சொல்லுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் படக்கூடாது. மென்மையான துணியால் தூசி தட்டினால் போதும். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் பாடியவர் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களோடு பழைய இசைத்தட்டுகளையும் அங்கே பாதுகாக்கிறார்கள். அத்தகைய இடங்களுக்குத் தெரிவித்தால், உங்கள் வீட்டுத் தட்டில் இருக்கும் பாட்டு எல்லோருக்கும் பயன்படும்.

வீட்டில் தட்டு எதுவும் இல்லையா? கவலை வேண்டாம். அப்பா அம்மாவிடம் கேட்டு, கிட்டப்பா, சுந்தராம்பாள் இருவரின் பழைய பாட்டுகளையும் இணையத்தில் ஒருமுறை கேளுங்கள். முதல் அரை நிமிடம் கரகரப்புத்தான் காதில் விழும். பொறுமையாக இருங்கள். அதற்குப் பின்னால், இருபது வயதுச் சுந்தராம்பாள் பாடிக்கொண்டிருப்பார்.