கொடுப்பதற்காகவே உழைத்த கை: அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி)

கைவேலை தெரிந்த ஒரு பெண்ணைப் பார்த்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, இதில் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான். கணவர் நல்ல சம்பளத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் இரண்டாவது கேள்வியும் வரும்: அப்புறம் எதற்கு இந்தச் சிரமம்? பாய் முடைவது, துணியில் பூவேலை செய்வது, தொப்பி பின்னுவது எல்லாமே நம் கணக்கில் ஒன்று வறுமைக்கு வழி, இல்லாவிட்டால் பொழுதுபோக்கு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

அந்த மூன்றாவது காரணத்துக்காகவே உழைத்த ஒரு பெண்மணி இஸ்லாமிய வரலாற்றில் இருக்கிறார்கள். வறுமை அவர்களை வேலை செய்ய வைக்கவில்லை. பொழுது போகாமலும் அவர்கள் வேலை செய்யவில்லை. தோலைப் பதனிட்டார்கள், தைத்தார்கள். அதில் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். மறுபடியும் வேலைக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் நபி (ஸல்) அவர்களின் துணைவியரில் ஒருவரான, உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள்.

அன்னையாரின் திருமணத்தைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய கைகளைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

இழந்த வீடு

ஸைனப் (ரலி) அவர்களின் தந்தை ஜஹ்ஷ், பனூ அஸத் குலத்தவர். தாய் உமைமா, அப்துல் முத்தலிபின் மகள். அதாவது அன்னையார் நபி (ஸல்) அவர்களுக்குச் சொந்த மாமி மகள். பெற்றோர் வைத்த பெயர் பர்ரா. அதை ஸைனப் என்று மாற்றியவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

ஜஹ்ஷின் குடும்பம் தொடக்கத்திலேயே இஸ்லாத்தைத் தழுவிய குடும்பங்களில் ஒன்று. ஹிஜ்ரத் வேளையில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக எல்லோரும் மதீனாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மக்காவில் அவர்களுடைய வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு அபூ சுஃப்யான் அந்த வீட்டை எடுத்து விற்றுவிட்டார். அப்போது அவர் இஸ்லாத்துக்கு வந்திருக்கவில்லை. அன்னையாரின் சகோதரர் அப்துல்லாஹ் பின் ஜஹ்ஷ் (ரலி) இதை நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அதைவிடச் சிறந்த வீட்டை அல்லாஹ் சொர்க்கத்தில் தருவான் என்ற ஆறுதல் கிடைத்தது. அதே சகோதரர் ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹுதுப் போரில் ஷஹீதானார். தாய்மாமன் ஹம்ஸா (ரலி) அவர்களுடன் ஒரே கப்ரில் அடக்கப்பட்டார்.

வீடு போனது, சகோதரர் போனார். கையில் இருப்பது எதுவும் நிரந்தரமில்லை என்பதை அன்னையார் கிதாபில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

குலப் பெருமை கரைந்த கதை

அன்னையாரை, நபி (ஸல்) அவர்கள் முதலில் தம்மிடம் வளர்ந்த ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களுக்காகப் பெண் கேட்டார்கள். ஸைத் ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அப்துல் முத்தலிபின் பேத்திக்கு இது எளிதாக இருக்கவில்லை. முதலில் தயங்கினார்கள். அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் ஒன்றை முடிவு செய்தபின் ஒரு முஃமினுக்கு வேறு விருப்பம் இல்லை என்ற கருத்துள்ள வசனம் வந்தபோது பணிந்தார்கள்.

அந்த மணவாழ்க்கை இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தலாக்கில் முடிந்தது. இத்தா நிறைவடைந்த பிறகு ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களுடன் அன்னையாரின் திருமணம் நடந்ததாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வளர்ப்பு மகன் சொந்த மகனாகிவிட மாட்டான் என்ற சட்டத்தைச் செயலில் காட்டிய திருமணம் அது. சூரத்துல் அஹ்ஸாபில் அதற்கான இறைவசனம் இருக்கிறது. வலீமாவில் மக்கள் வயிறு நிறைய ரொட்டியும் இறைச்சியும் சாப்பிட்டார்கள். ஹிஜாபுடைய வசனம் இறங்கியதும் அந்த வலீமாவை ஒட்டித்தான்.

தம் திருமணத்தை வானத்துக்கு மேலிருந்து அல்லாஹ்வே நடத்திவைத்தான் என்று அன்னையார் மற்ற மனைவியரிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லக்கூடிய உரிமை உலகில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை. குலத்தாலும் உயர்வு, மணத்தாலும் உயர்வு. இந்த அன்னையார்தான் வீட்டில் தோலைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

பதனிட்ட தோல்

தோல் வேலை என்றால் என்னவென்று ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுச் சகோதரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோலின் வாடை கையைக் கழுவினாலும் போகாது. அக்கால அரேபியாவில் தோலை ஊறவைத்து, முடியை நீக்கி, கரழ் என்னும் வேல மரக் காயைத் தண்ணீரில் சேர்த்துப் பதனிடுவார்கள். பதம் வரும்வரை கையால் தேய்த்துப் பிசைய வேண்டும். பிறகு உலர்த்தி, வெட்டித் தைக்க வேண்டும்.

அந்தச் சமூகத்துக்குத் தோல் இல்லாமல் வாழ்க்கை இல்லை. தண்ணீர் கொண்டுபோகும் பை தோல், கிணற்று வாளி தோல், செருப்பு தோல். நபி (ஸல்) அவர்களின் படுக்கைகூட பேரீச்ச நார் அடைத்த தோல்தான். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்த முஸ்லிம்களைத் திருப்பி அழைத்துவர நஜாஷி மன்னரிடம் குறைஷிகள் ஆள் அனுப்பியபோது, மக்காவின் சிறந்த பொருள் என்று அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பியதும் தோலைத்தான்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வந்தபோது அன்னையார் ஒரு தோலைத் தேய்த்துப் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸின் ஓரத்தில் வருகிறது. அந்த ஹதீஸ் வேறொரு விஷயத்தைப் பற்றியது. ஆனால் அன்னையாரின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதை அந்த ஓரச் செய்தி நமக்குக் காட்டிவிடுகிறது.

உண்ண வழியில்லாமல் செய்த வேலையா அது? இல்லை. நபி (ஸல்) அவர்களின் வீடுகளில் பஞ்சம் இருந்த நாட்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் கைபர் வெற்றிக்குப் பிறகு அதன் விளைச்சலிலிருந்து துணைவியருக்குப் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் ஒதுக்கப்பட்டன. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பெரும் தொகை உதவித்தொகையாகவும் வந்தது. அன்னையார் தம் கைத்தொழிலின் பலனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அது ஸதகாவுக்கு என்றே செய்யப்பட்ட வேலை.

சக மனைவியின் சாட்சி

இதற்கு ஆயிஷா (ரலி) அவர்களே சாட்சி. நபி (ஸல்) அவர்களிடம் உள்ள மதிப்பில் தமக்குப் போட்டியாக இருந்தவர் ஸைனப் மட்டுமே என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்ட நாட்களில் ஸைனப் (ரலி) அவர்களின் சொந்தச் சகோதரி ஹம்னாவே அந்தப் பேச்சில் சிக்கிக்கொண்டார். ஆனால் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது ஸைனப் (ரலி) அவர்கள், தாம் நல்லதைத் தவிர வேறெதையும் அறியவில்லை என்றார்கள். போட்டியாளரைச் சாய்க்கக் கிடைத்த வாய்ப்பு, இறையச்சத்தால் நாவு கட்டுப்பட்டு நின்றது.

பின்னாளில் ஆயிஷா (ரலி) அவர்கள் ஸைனபைப் பற்றிச் சொன்ன நற்சான்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மார்க்கப் பற்று, இறையச்சம், உண்மை பேசுதல், உறவைப் பேணுதல், தர்மம் ஆகியவற்றில் அவரைவிடச் சிறந்த பெண்ணைத் தாம் கண்டதில்லை என்றார்கள். சட்டென்று வரும் கோபம் ஒன்று உண்டு, அதுவும் உடனே தணிந்துவிடும் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். இதில் ஒரு சொல்லை நாம் கவனிக்க வேண்டும். தர்மம் செய்வதற்கான உழைப்பில் ஸைனப் தம்மை எந்த அளவுக்கு ஈடுபடுத்திக்கொண்டார் என்பதைச் சொல்ல, இப்திஸால் என்ற அரபுச் சொல் வருகிறது. வேலை நேரத்தில் உடுத்திக் கசங்கிப்போகும் பழைய உடைக்கு அரபியில் உள்ள பெயரும் இந்த வேரிலிருந்து பிறந்ததுதான். தன்னை மேன்மையாகப் பொத்தி வைத்துக்கொள்ளாமல் உழைப்பில் கசங்கவிடுவது என்று அதற்குப் பொருள். பணம் இருப்பவர் பணத்தைக் கொடுப்பது ஒரு நன்மை. கொடுப்பதற்கென்றே தம் உடலைக் கசக்கிக்கொள்வது வேறொரு தரம்.

வணக்கத்திலும் அன்னையார் அப்படித்தான். பள்ளிவாசலின் இரண்டு தூண்களுக்கு இடையே ஒரு கயிற்றைக் கட்டிவைத்து, இரவுத் தொழுகையில் களைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும்வரை நின்று தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். ஆர்வத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நேசத்தோடு செய்யும் காரியம் நீடித்து நிற்க வேண்டுமென்றால் அதில் தன்னை வதைத்துக்கொள்ளக் கூடாது.

துணிக்கு அடியில் இருந்த பணம்

உமர் (ரலி) அவர்கள் நபித் துணைவியருக்கு ஆண்டுக்கு 12,000 திர்ஹம் உதவித்தொகை நிர்ணயித்தார்கள். பணம் வந்து சேர்ந்தபோது, இதைப் பங்கிட்டுக் கொடுக்க என்னைவிட என் சகோதரிகள் வல்லவர்களாயிற்றே என்றார்கள் அன்னையார். இது முழுவதும் உங்களுக்குத்தான் என்று சொல்லப்பட்டதும் திகைத்துப்போய், அந்தப் பணத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொன்னார்கள். அருகில் இருந்த பர்ஸா பின்த் ராஃபிஃ என்ற பெண்மணியை அழைத்து, துணிக்குள் கைவிட்டுக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, இன்ன வீட்டுக்கு, இன்ன அநாதைகளுக்கு என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பர்ஸா, தனக்கும் இதில் பங்கு உண்டல்லவா என்று கேட்க, துணிக்கு அடியில் மிச்சமிருப்பது உனக்கு என்றார்கள். துணியை விலக்கிப் பார்த்தால் 85 திர்ஹம் இருந்தது.

பிறகு கையேந்தி, அடுத்த ஆண்டு உமரின் இந்தக் கொடை தம்மை வந்தடைய வேண்டாம் என்று துஆ செய்தார்கள். செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் செலவுக்கென்று மேலும் 1,000 திர்ஹம் அனுப்பினார்கள். அதுவும் அதே வழியில் போனது.

வந்த பணத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் துணியால் மூடிய அதே அன்னையார், தோலை மட்டும் வாடையோடு கையில் எடுத்தார்கள். வந்ததைக் கொடுப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. தம் வியர்வையிலிருந்தும் கொடுக்க விரும்பினார்கள்.

நீளமான கை

நம் பேச்சு வழக்கில் ஒருவருக்குக் கை நீளம் என்றால் அது குற்றச்சாட்டு. பொருளைத் திறந்து வைக்காதீர்கள் என்று அர்த்தம். அரபியில் அதற்கு நேர் எதிர். கை நீளம் என்றால் கொடையாளி.

தம் மரணத்துக்குப் பிறகு துணைவியரில் தம்மை முதலில் வந்து சேர்பவர் கை நீளமானவரே என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். துணைவியர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வஃபாத்தான பின் ஒன்றுகூடும்போதெல்லாம் சுவரில் கையை நீட்டி அளந்து பார்ப்பார்கள். ஸவ்தா (ரலி) அவர்களின் கை நீளமாக இருந்தது. ஸைனப் (ரலி) அவர்களோ குள்ளமானவர்கள்.

ஹிஜ்ரி 20-இல், கி.பி. 641-ஐ ஒட்டி, ஏறத்தாழ 53 வயதில் துணைவியரில் முதலாவதாக ஸைனப் (ரலி) அவர்கள் வஃபாத்தானார்கள். துஆ கபூலாகியிருந்தது. உமரின் அடுத்த ஆண்டுக் கொடை அவர்களை வந்தடையவில்லை. அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது: நபி (ஸல்) அவர்கள் சொன்ன நீளம், உழைத்துக் கொடுத்த கையின் நீளம்.

தம் கபன் துணியை அன்னையார் முன்பே தயாராக வைத்திருந்தார்கள். உமர் ஒரு கபன் அனுப்பினால் இரண்டில் ஒன்றை ஸதகா செய்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே நடந்தது. உமர் (ரலி) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். கடும் வெயில் என்பதால் ஜன்னத்துல் பகீஃயில் கப்ர் தோண்டுபவர்களுக்கு நிழலாகக் கூடாரம் அடிக்கச் செய்தார்கள். அநாதைகளும் விதவைகளும் தங்கள் அடைக்கலத்தை இழந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கலங்கினார்கள்.

அன்னையார் ஒரு தீனாரோ திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை. மிஞ்சியது வீடு ஒன்றுதான். மஸ்ஜிதுன் நபவி விரிவாக்கப்பட்டபோது, கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் காலத்தில் அது 50,000 திர்ஹத்துக்கு வாங்கப்பட்டது என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். மக்காவில் இழந்த வீடு யாருடைய கைக்கோ போனது. மதீனாவில் விட்டுச்சென்ற வீடு அல்லாஹ்வின் பள்ளிவாசலாக மாறியது.

நமக்கு

இந்த வரலாற்றைத் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது. கைவேலை செய்யும் பெண்ணிடம், ஸைனப் நாயகி லாபம் பார்த்தார்களா என்று கேட்டு விலையைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை. அன்னையார் கொடுத்தது தமக்குச் சொந்தமானதை, தாமே விரும்பி. மனைவியின் உழைப்பில் வரும் காசு மனைவிக்கே உரியது என்பது நம் ஃபிக்ஹ் சட்டம். அதை எடுத்துக்கொள்ளவோ, தர்மம் செய் என்று வற்புறுத்தவோ கணவனுக்கும் அதிகாரம் இல்லை. அதே மதீனாவில் அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி கைத்தொழில் செய்து விற்று, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டார்கள். அதற்கும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். தேவைக்காக உழைப்பதும் கண்ணியமே. அந்தச் சகோதரிகளுக்கு நியாயமான விலையைக் கொடுப்பது நம் கடமை.

ஆனால் தேவை இல்லாதபோதும் ஒரு பெண் ஊசியையும் நூலையும் எடுத்தால், எதற்கு இந்தச் சிரமம் என்று இனிக் கேட்க வேண்டாம். அவர்களுடைய மனதில் ஓர் அநாதைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கலாம். ஒரு விதவையின் பெருநாள் உடை இருக்கலாம். அந்தக் கை, சுவரில் அளந்தால் சின்னதாகவே இருக்கும். மறுமையின் தராசில் அல்லாஹ் அதன் நீளத்தை அறிவான்.

கொடுப்பதை நேசித்து உழைக்கும் கைகளை நம் வீடுகளிலும் அல்லாஹ் உருவாக்குவானாக. ஆமீன்.