ஒளிக்கலைஞர் லயனல் வென்ட்

கொழும்புக் கறுவாத்தோட்டத்திலே லயனல் வென்ட் அரங்கிற்கு நாடகம் காணச் செல்வோர் பலர். அப்பெயருக்கு உரியவர் யாவர் என வினவுவோர் சிலரே. அன்னார் நாடகக்காரர் அல்லர். ஒளியையும் நிழலையும் கொண்டு படம் சமைத்த புகைப்படக் கலைஞர். அரங்கு நிற்கும் நிலமே அவர் வாழ்ந்த மனையிருந்த இடமாகும்.

1900 டிசெம்பர் 3ஆம் நாள் வென்ட் பிறந்தார். தந்தையார் பறங்கியர், உயர்நீதிமன்ற நீதியரசர், புகைப்படத்தில் ஆர்வம் மிக்கவர். தாயார் சிங்களக் குடியினர். சட்டம் பயில 1919இல் இலண்டன் சென்ற மைந்தர், அங்கே பியானோ இசையையும் முறையாகக் கற்று 1924இல் மீண்டார். சட்டத் தொழில் அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை; இசையே வென்றது. பின்னாளில் உலகப் புகழெய்திய சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா கொழும்பிலே தூதராயிருந்து தனிமையில் வாடிய காலத்தில், அவருக்குப் படிக்க நூல்கள் கொடுத்துதவியவரும் இவரே.

முப்பது வயதின் பின்னரே கமரா இவர் வாழ்வை ஆட்கொண்டது. மீனவர், உழவர், கூத்தர், பழைய கற்கோயில்கள் முதலாயின இவர் படங்களிற் புது உருப்பெற்றன. படத்தைக் கழுவும் வேளையில் வேண்டுமென்றே இடையில் ஒளியைப் பாய்ச்சி உருவத்தின் விளிம்பைக் கோடாக்கினார். பல நெகட்டிவ்களை ஒரே தாளிற் சேர்த்துக் கனவு போன்ற காட்சிகளை ஆக்கினார். கண்டதைக் கண்டவாறு காட்டுவதே புகைப்படம் என்றிருந்தோர்க்கு இவை வியப்பளித்திருக்கும். 1934இல் பசில் றைற் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் திரைப்படத்திலே ஒலிப்பது வென்டின் குரலாகும். அவர் வாசித்தவை, நம் கிழக்குக் கரையின் கொட்டியாரத்திலே 1660இற் சிறைபிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகள். 1938இல் இலண்டனிலே அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1943இல் ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியரை ஒருங்கு கூட்டி ‘43 குழு’வை அமைத்தார். மறு ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள், 44 வயதிலே, மாரடைப்பினாற் காலமானார்.

அதன் பின் நிகழ்ந்ததே வருத்தத்திற்குரியது. அவர்தம் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நெகட்டிவ் என்பது மூல ஏடு போன்றது. அஃது இருப்பின் எத்தனை படியும் எடுக்கலாம். அஃது ஒழிந்தபின், அவர் இருட்டறையில் தம் கைப்பட அச்சிட்ட தாள்களே மூலமாயின. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையரின் துயரை அறிந்த தமிழர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

எங்கள் களுவாஞ்சிக்குடியிலும் இத்தகைய இழப்பு புதிதன்று. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் எத்தனையோ வீட்டார் மூத்தோர் படங்களை இழந்தனர். எஞ்சியவற்றை வாவியின் ஈரக்காற்றும் கறையானும் பார்த்துக்கொண்டன! தாய்தந்தையர் முகம் காட்ட ஒரு படமேனும் இல்லாத வீடுகளை யான் அறிவேன்.

வென்டின் தாள்கள் அவ்வாறு போகாமைக்குக் காரணம் நண்பர்கள். 1950இல் அவர் படங்கள் இலண்டனில் நூலாக வந்தன. 1953இல் அவர் நினைவாக அரங்கு திறக்கப்பெற்றது. பிறந்து நூறாண்டு நிறைந்த 2000இல் நினைவு நிதியத்தார் மற்றொரு தொகுதியை வெளியிட்டனர். இவ்வச்சுப் படங்களைப் பேணுதலும் எளிதன்று. மிகுந்த ஒளி பட்டால் தாள் நலியும். ஈரம் பட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின் நூதனசாலைகளிலே அமிலமற்ற தாளுறையிட்டு, குளிர்ந்து உலர்ந்த இருளறையில் வைத்து, மங்கிய விளக்கொளியிற் சில திங்களே காட்டி, மீண்டும் பெட்டியுள் வைப்பர். 2017இல் அம்ஸ்ரடாம் நகரத்து ஹூயிஸ் மார்சேய் புகைப்பட நூதனசாலையிற் கண்டோர் வியந்த படங்கள், வென்ட் வாழ்ந்த நாளிலேயே அச்சிடப்பெற்ற அத்தாள்களேயாம்.