மதுரைக்கு ஹீரோ, நெற்கட்டும்செவலுக்கு வில்லன்... யார் இந்த மருதநாயகம்?

மருதநாயகம்னு சொன்னதும், 1997-ல் எலிசபெத் ராணி தொடக்க விழாவுக்கு வந்தும் இன்னும் முடியாத கமல் படம்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். ஆனா, திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் தாண்டி மலைப்பக்கமாகப் போனால் வரும் நெற்கட்டும்செவலில் அந்தப் பெயருக்கு வேற அர்த்தம். வெள்ளையருக்கு வரி கட்ட மறுத்த பூலித்தேவனின் கோட்டையை 1761-ல் பிடித்தவர் அவர்தான். மூணே வருஷத்தில், அதே வெள்ளையரை எதிர்த்ததற்காக அவரும் தூக்கில் ஏறினார். எப்படி இந்தத் தலைகீழ் மாற்றம்?

பனையூர்ப் பையன்

1725 வாக்கில் ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ஊரைவிட்டுக் கிளம்பி, இஸ்லாத்துக்கு மாறி முகமது யூசுப் கான் ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தார். ராஜ பரம்பரையும் கிடையாது, பாளையமும் கிடையாது. இருந்ததெல்லாம் பல மொழிகள் பேசும் நாக்கும், ஐரோப்பியர் போர்முறையைக் கூர்ந்து கவனித்த கண்ணும்தான்.

ஏறுமுகம்

அடுத்து ஆங்கிலேயக் கம்பெனிப் படை. திருச்சி முற்றுகையில் பெயர் வாங்கி, சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனார். 1759-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியிலிருந்து அவர் படையைத் தூங்கவிடாமல் செய்ததும் இவர்தான்.

பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் இவர் கைக்கு வந்தது. படை இருந்தால் வரி வரும், வரி வந்தால் படை நிற்கும். இதுதான் கம்பெனியிடம் அவர் படித்த பாடம். பணியாத பாளையக்காரர்களை இரக்கமில்லாமல் அடக்கினார். அதே கையால் கண்மாய்களைச் சீர்செய்தார், நெசவாளர்களை ஆதரித்தார், மீனாட்சியம்மன் கோயில் நிலங்களையும் மீட்டுக் கொடுத்தார்.

ஒரே ஒரு கேள்வி

சிக்கல் ஆற்காடு நவாபிடமிருந்து வந்தது. நீ என் வேலைக்காரன் என்றார் நவாப். கம்பெனியும் அதற்குத் தலையாட்டியது. திறமையால் மட்டுமே மேலே வந்த மனிதரால் அதை ஏற்க முடியவில்லை. மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763-ல் வந்த முற்றுகையை முறியடித்தார். அடுத்த வருஷம் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15, மதுரையில் தூக்கு.

இன்னைக்கு மதுரை சம்மட்டிபுரத்தில் அவருக்கு தர்கா இருக்கு. நெற்கட்டும்செவலில் பூலித்தேவனுக்கு நினைவு மாளிகை இருக்கு. அடுத்த லீவுக்கு ரெண்டையும் பார்த்துட்டு வாங்க. ஒண்ணை மட்டும் பார்த்தா கதை பாதிதான்.