நிறை மாறாத மேதை

நிறையும் எடையும் ஒன்றல்ல என்று இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவே நிறை. அதைப் புவி தன்பால் ஈர்க்கும் விசையே எடை. வலையபட்டிக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு கிலோ அரிசியைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றாலும், தராசுத் தட்டில் ஒரு கிலோ படிக்கல்லுக்கு அது சமமாகவே நிற்கும். சுருள்வில் தராசில் தொங்கவிட்டாலோ ஆறில் ஒரு பங்குதான் காட்டும். நிறைக்கும் ஈர்ப்புக்கும் உள்ள உறவை விண்மீன்களில் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகர்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்ரமணிய ஐயர் அரசுத் தணிக்கைத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி. சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா ஆவார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930இல் கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்கு அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாயார் கடும் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனின் கல்வி தடைப்படலாகாது என்று அவரே வற்புறுத்தி அனுப்பி வைத்தார். மறு ஆண்டே அத்தாய் மறைந்தார். மகன் அவர் முகத்தை மீண்டும் காணவில்லை.

கப்பல் பயணத்திலேயே அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் கணக்கிடத் தொடங்கினார். விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கி நசுங்கப் பார்க்கிறது. உள்ளிருக்கும் வெப்பம் அதைத் தாங்குகிறது. எரிபொருள் தீர்ந்ததும் அது சுருங்கி வெண்குறு விண்மீன் ஆகிறது. சிரியஸ் விண்மீனின் துணை அத்தகையது. ஏறத்தாழ சூரியனின் நிறை பூமியளவு உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது. அங்கே நம் எடை மூன்று லட்சம் மடங்குக்கும் மேலாகும். நம் நிறையோ மாறாது! சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறையைத் தாண்டினால் வெண்குறு விண்மீனால் தன் எடையைத் தாங்க இயலாது என்று சந்திரசேகர் கண்டார். இதுவே சந்திரசேகர் எல்லை.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியல் அறிஞர்கள் சபையில் இதை விளக்கினார். அடுத்துப் பேசிய பேரறிஞர் எடிங்டன் இம்முடிவை எள்ளி நகையாடினார். சபையும் சிரித்தது. இருபத்து நான்கு வயதில் எவ்வளவு பெரிய அவமானம்! ஆனால் சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை, பகைமையும் பாராட்டவில்லை. 1937இல் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவர் பெருமையை மனமாரப் புகழ்ந்தார். காலம் சந்திரசேகரின் கணக்கே சரியென்று காட்டியது. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1995 ஆகஸ்ட் 21 அன்று அவர் மறைந்தார்.

1999இல் அமெரிக்கா அனுப்பிய விண்வெளித் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரையே சூட்டினர். அதை ஏற்றிச் சென்ற விண்வெளி ஓடத்தின் தலைவர் ஐலீன் காலின்ஸ் என்ற பெண்மணி! அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே என்பது நமக்கெல்லாம் பெருமையல்லவா?

தோழியரே! எடை இடத்துக்கு இடம் மாறும், நிறை மாறாது. பிறர் நம்மைக் குறைத்து எடை போட்டாலும், அந்த மேதையைப் போல நம் நிறையைக் காத்து உழைப்போமாக!