சதுரங்கச் சக்கரவர்த்தி கப்பாபிளாங்கா

நாலு வயதுச் சிறுவன் ஒருவன், தன் தந்தை ஆட்டத்தில் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். தந்தையோ ராணுவ அதிகாரி. மகன் இப்படிச் சொன்னால் கோபம் வராமல் இருக்குமா?

நடந்தது இதுதான். கியூபா தீவின் தலைநகரான ஹவானாவில், அந்த அதிகாரி நண்பருடன் சதுரங்கம் ஆடுவது வழக்கம். சிறுவன் பக்கத்தில் நின்று மூன்று நாள் வேடிக்கை பார்த்தான். அவனுக்கு யாரும் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தந்தை தன் குதிரையை வெள்ளைக் கட்டத்தில் இருந்து இன்னொரு வெள்ளைக் கட்டத்துக்கு நகர்த்தினார். குதிரை அப்படிப் போகாது. வெள்ளையில் நின்றால் அடுத்துக் கறுப்புக் கட்டத்துக்குத்தான் தாவும். எதிரில் இருந்த நண்பர் இதைக் கவனிக்கவில்லை. சிறுவன் கவனித்துவிட்டான்.

உனக்கு என்னடா தெரியும் என்று தந்தை அதட்டினார். சிறுவன் தவறைக் காட்டினான். அதோடு விடவில்லை. காய்களை அடுக்கி வைத்துத் தந்தையோடு ஆடி, அவரைத் தோற்கடித்தும் விட்டான்! பிற்காலத்தில் அவரே எழுதி வைத்த செய்தி இது.

அந்தச் சிறுவன்தான் ஹோசே ராவுல் கப்பாபிளாங்கா. 1888-ஆம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி பிறந்தவர். கியூபா அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. 13 வயது நிறையும் சமயத்தில், 1901-ஆம் ஆண்டு, கியூபாவின் சிறந்த ஆட்டக்காரரான கோர்சோவோடு பந்தயம் ஆடினார். முதலில் தோற்றார். பிறகு வரிசையாக மீண்டு, பந்தயத்தையே ஜெயித்தார்.

1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். ரசாயன என்ஜினீயர் ஆக வேண்டும் என்பது திட்டம். ஆனால் நியூயார்க் நகரில் மன்ஹாட்டன் செஸ் கிளப் என்று ஒன்று இருந்தது! படிப்பு பாதியில் நின்றது.

1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் மார்ஷலை எதிர்த்தார். 23 ஆட்டங்கள். கப்பாபிளாங்கா 8 ஆட்டங்களில் வென்றார். ஒன்றில்தான் தோற்றார். மற்றவை வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தன. அவருக்கு வயது 20.

1911-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு சான் செபாஸ்டியன் நகரில் பெரிய போட்டி. இந்தப் பையனை ஏன் சேர்த்தீர்கள் என்று பெர்ன்ஸ்டைன் என்ற ரஷிய ஆட்டக்காரர் ஆட்சேபம் செய்தார். முதல் ஆட்டத்திலேயே அந்தப் பெர்ன்ஸ்டைனைக் கப்பாபிளாங்கா தோற்கடித்தார். அந்த ஆட்டத்துக்கு அழகான ஆட்டத்துக்கான தனிப் பரிசும் கிடைத்தது. போட்டியின் முதல் பரிசும் அவருக்கே.

வரப்பில் நிற்கும் ஆள்

இவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்? அதைச் சொல்லாமல் இவர் வாழ்க்கையைச் சொல்லிப் பயன் இல்லை.

சதுரங்கத்தில் இரு பக்கமும் 16 காய்கள். ராஜா, ராணி, இரண்டு யானை, இரண்டு மந்திரி, இரண்டு குதிரை, 8 சிப்பாய். புதிதாக ஆடுகிறவர்கள், யார் அதிகக் காய்களை வெட்டினார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். கப்பாபிளாங்கா அப்படி எண்ணவில்லை. எத்தனை காய்கள் வேலை செய்கின்றன என்று எண்ணினார்.

வயலில் நடவு நடக்கிறது. பத்துப் பேர் வந்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் சேற்றில் இறங்காமல் வரப்பிலேயே நிற்கிறார்கள். பக்கத்து வயலில் எட்டுப் பேர்தான். எட்டுப் பேரும் குனிந்து நடுகிறார்கள். எந்த வயலில் வேலை முன்னால் முடியும்? சதுரங்கமும் அப்படித்தான். எதிரியின் காயை வெட்ட வேண்டும் என்பது இல்லை. அதை வரப்பிலேயே நிற்க வைத்துவிட்டால் போதும்.

இதற்கு ஓர் உதாரணம். 1919-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் போட்டி. எதிரே வின்டர் என்ற இங்கிலாந்துக்காரர். வின்டருக்கு வெள்ளைக் காய்கள். அவர் தம் மந்திரியை, அதாவது மூலைவாட்டில் செல்லும் காயை, ராஜாவின் பக்கமாகக் கொண்டுபோனார். கப்பாபிளாங்கா சிப்பாய்களைத் தள்ளி அதைத் துரத்தினார். மந்திரி பின்வாங்கி ஓரிடத்தில் ஒதுங்கியது. அவ்வளவுதான்! முன்னால் கப்பாபிளாங்காவின் சிப்பாய்கள் சுவர் போல நின்றன. பின்னால் வின்டரின் சொந்தச் சிப்பாய்களே வழியை அடைத்தன. மந்திரி உயிரோடுதான் இருந்தது. ஆனால் சிறைக்குள் இருந்தது.

பிறகு கப்பாபிளாங்கா என்ன செய்தார்? அந்த மந்திரியைத் தொடவே இல்லை. ராணிகளை மாற்றி வெட்டிவிட்டு, பலகையின் மறுபக்கம் சண்டையைத் தொடங்கினார். அங்கே அவருடைய எல்லாக் காய்களும் வந்து சேர்ந்தன. வின்டருக்கு ஒரு காய் குறைவு. பலகையில் எண்ணினால் இரண்டு பக்கமும் சமம்! 29-வது நகர்த்தலில் வின்டர் ஆட்டத்தை விட்டுக் கொடுத்தார். அந்தப் போட்டியில் 11 ஆட்டங்களில் 10 வெற்றி, ஒன்றுதான் சமம்.

ஆனால் இதே பாடத்தை அவருக்கே கற்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் ஜெர்மனியைச் சேர்ந்த உலக சாம்பியன் லாஸ்கர். 1914-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியில், லாஸ்கரின் குதிரை ஒன்று கப்பாபிளாங்காவின் எல்லைக்குள் புகுந்து அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. அதை விரட்ட முடியவில்லை. சுற்றி இருந்த காய்கள் மூச்சுத் திணறின. கடைசியில் அரைப் புள்ளி வித்தியாசத்தில் முதல் இடம் லாஸ்கருக்குப் போயிற்று.

எட்டு ஆண்டு

கியூபா அரசாங்கம் 1913-ஆம் ஆண்டிலேயே அவருக்கு வெளிநாட்டு இலாகாவில் வேலை கொடுத்திருந்தது. நாடு நாடாகச் சென்று சதுரங்கம் ஆடுவதே அவர் செய்த பெரிய வேலை! இப்படிப்பட்ட உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

1921-ஆம் ஆண்டில் ஹவானா நகரில் லாஸ்கருடன் பட்டப் பந்தயம் நடந்தது. லாஸ்கர் 1894 முதல் 27 ஆண்டு பட்டத்தை வைத்திருந்தவர். அப்போது வயது 52. கப்பாபிளாங்காவுக்கு 32. நான்கு ஆட்டங்களில் கப்பாபிளாங்கா வென்றார். பத்து ஆட்டங்கள் சமம். ஓர் ஆட்டத்தில் கூட லாஸ்கரால் வெல்ல முடியவில்லை. உலகப் பட்டம் கியூபாவுக்கு வந்தது. அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடந்தது.

1916-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1924-ஆம் ஆண்டு மார்ச் வரை அவர் ஒரு போட்டி ஆட்டத்தில் கூடத் தோற்கவில்லை. எட்டு ஆண்டு! 63 ஆட்டங்கள்! நியூயார்க் போட்டியில் ரேட்டி என்பவர் அவரைத் தோற்கடித்தபோது, உலகமே வியந்தது.

அதே நியூயார்க் போட்டியில் அவர் டார்டகோவர் என்பவருடன் ஆடிய ஆட்டத்தை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரு பக்கமும் ஒரு ராஜா, ஒரு யானை, சில சிப்பாய்கள் மட்டுமே மிச்சம். அந்த நிலையில் எல்லாரும் சிப்பாயைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். கப்பாபிளாங்கா தம் ராஜாவை எதிரியின் எல்லைக்குள் நடத்திச் சென்றார். வழியில் ஒரு சிப்பாய் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜா நடுப்பலகையைத் தாண்டிப் போய், எதிரியின் சிப்பாய் ஒன்றின் அருகே நின்றது. அந்தச் சிப்பாயை வெட்டலாம். அவர் உடனே வெட்டவில்லை. ஏன்? எதிரியின் யானை தாக்காமல் அந்தச் சிப்பாயே மறைத்தது. எதிரியின் குடையிலேயே மழைக்கு ஒதுங்கியது போல! டார்டகோவரின் ராஜா மூலையில் முடங்கிக் கிடந்தது. கப்பாபிளாங்காவின் ராஜா, யானை, சிப்பாய் மூன்றும் சேர்ந்து வேலை செய்தன. பிறகு இழந்த சிப்பாய்களுக்கு மேல் வசூல் செய்துகொண்டார்.

1925-ஆம் ஆண்டில் மாஸ்கோ சென்றபோது, சதுரங்கப் பைத்தியத்தைப் பற்றிய ஒரு ஊமைப் படத்தில் கூட நடித்தார். ஆள் அழகன். எங்கு போனாலும் கூட்டம் கூடும்.

பத்தாயிரம் டாலர்

பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1922-ல், லண்டனில் ஒரு விதிமுறை எழுதப்பட்டது. உலக சாம்பியனை எதிர்க்க விரும்புகிறவர் பத்தாயிரம் டாலர் பந்தயப் பணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதை முன்னின்று செய்தவர் கப்பாபிளாங்காதான். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. பலரால் திரட்ட முடியவில்லை.

ரஷியாவில் பிறந்த அலெகின் திரட்டிவிட்டார். அர்ஜென்டினா நாட்டில் அவருக்கு உதவி கிடைத்தது. 1927-ஆம் ஆண்டு செப்டம்பரில் புவனோஸ் ஐரிஸ் நகரில் பந்தயம் தொடங்கியது. அதுவரை அலெகின் ஒரு தடவை கூடக் கப்பாபிளாங்காவை வென்றது இல்லை. அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த போட்டியிலும் கப்பாபிளாங்காதான் முதல். அலெகின் இரண்டரைப் புள்ளி பின்னால். முடிவு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததாகப் பேச்சு.

அலெகின் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கப்பாபிளாங்காவின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். கப்பாபிளாங்கா அப்படி எதுவும் சிரமப்படவில்லை. பிறவியிலேயே வந்த கலைக்குப் பாடம் எதற்கு என்று இருந்துவிட்டார் போலும். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. இரண்டரை மாதம் ஆடினார்கள். 34 ஆட்டங்கள். அலெகின் 6, கப்பாபிளாங்கா 3, மற்ற 25 ஆட்டங்கள் சமம். கடைசி ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் கப்பாபிளாங்கா வரவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம்தான் வந்தது.

மறு பந்தயம் வேண்டும் என்று கேட்டார். அலெகின் அந்தப் பழைய விதிமுறையைக் காட்டினார். பத்தாயிரம் டாலர்! தாம் கட்டிய வேலியில் தாமே மாட்டிக்கொண்டார் கப்பாபிளாங்கா. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. அதற்குப் பிறகு அவ்வளவு பணம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அலெகின் வேறு ஆட்டக்காரருடன் இரண்டு முறை பட்டப் பந்தயம் ஆடினார். கப்பாபிளாங்காவுடன் ஆடவே இல்லை. ஒன்பது ஆண்டு இருவரும் ஒரு பலகை முன் உட்காரவில்லை.

நடுவில் ஒரு செய்தி நம் நாட்டாருக்குப் பெருமை தருவது. ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31 போட்டியில் கப்பாபிளாங்காவைத் தோற்கடித்தவர், பஞ்சாபில் இருந்து சென்ற சுல்தான் கான். ஒரு பிரபுவின் பணியாளராக இங்கிலாந்து போனவர் அவர்!

1936-ஆம் ஆண்டு கப்பாபிளாங்காவுக்கு மீண்டும் நல்ல காலம். மாஸ்கோவில் முதல் இடம். நாட்டிங்ஹாமில், இளைஞர் போட்வின்னிக்குடன் சேர்ந்து முதல் இடம். அங்கே அலெகினையும் தோற்கடித்தார். ஆனால் பட்டம் இல்லை. அது வெறும் போட்டி ஆட்டம்.

திரும்பாத குதிரை

1938-ஆம் ஆண்டு நவம்பர். ஹாலந்து நாட்டில் எட்டுப் பேர் கலந்துகொண்ட போட்டி. அடுத்து அலெகினை எதிர்ப்பது யார் என்று தெரிய வேண்டிய போட்டி. கப்பாபிளாங்காவுக்கு இரத்தக் கொதிப்பு. போட்டி ஒரே ஊரில் நடக்கவில்லை. ஊர் ஊராகப் பயணம். நவம்பர் 19-ந் தேதி அவருடைய ஐம்பதாவது பிறந்த நாள். அன்று அலெகினிடம் தோற்றார்.

மூன்று நாள் கழித்துப் போட்வின்னிக்குடன் ஆட்டம். பலகையின் இடது ஓரத்தில் போட்வின்னிக்கின் சிப்பாய் ஒன்று தனியாக நின்றது. கப்பாபிளாங்கா அதைப் பிடிக்க ஆசைப்பட்டார். 18-வது நகர்த்தலில் அவருடைய குதிரை அந்த ஓரத்துக்குத் தாவியது. அடுத்த நகர்த்தலில் ராணி போய்ச் சிப்பாயை வெட்டியது. ஒரு சிப்பாய் லாபம்!

போட்வின்னிக் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நடுவில் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு ராஜாவை நோக்கி வந்தார். ராணி அவசரமாகக் காவலுக்குத் திரும்பியது. 30-வது நகர்த்தலில் போட்வின்னிக் தம் மந்திரியை இனாமாக நீட்டினார். கப்பாபிளாங்காவின் ராணி அதை வெட்டிக்கொண்டு காவலை விட்டு விலகியது. உடனே ஒரு குதிரையும் பலி. பிறகு ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்தை நோக்கி நடந்தது. யாராலும் நிறுத்த முடியவில்லை. 41-வது நகர்த்தலில் எல்லாம் முடிந்தது.

ஓரத்துக்குப் போன அந்தக் குதிரை? கடைசி வரை அங்கேயே நின்றது. ஒரு தடவை கூட நகரவில்லை. வின்டரின் மந்திரியைச் சிறை வைத்தவரின் குதிரை அது!

எட்டுப் பேரில் அவருக்கு ஏழாம் இடம்.

மறு ஆண்டு, புவனோஸ் ஐரிஸ் ஒலிம்பியாட் போட்டியில் கியூபா அணியின் தலைவராக ஆடினார். முதல் பலகையில் ஆடியவர்களில் அவருக்கே சிறந்த இடம், தங்கப் பதக்கம். பட்டத்தை இழந்த அதே ஊரில்! ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதும் அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான்.

1942-ஆம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி மாலை. நியூயார்க்கில், மாணவப் பருவத்தில் படிப்பை மறக்கச் செய்த அந்த மன்ஹாட்டன் கிளப்பில், யாரோ ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மேல்கோட்டைக் கழற்ற உதவி கேட்டவர், அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. வயது 53. பதினான்கு மாதத்துக்கு முன் லாஸ்கர் காலமானதும் இதே ஆஸ்பத்திரியில்தான்.

உடல் ஹவானாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, கொலோன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையின் மேல், வெள்ளைப் பளிங்கில் செதுக்கிய பெரிய ராஜா காய் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.